தீயணைப்பு வண்டியின் போலி நெஞ்சு

என்னைப் பெண் பார்க்க யார் வந்தாலும் அம்மா வாழைக்காய் பஜ்ஜியும் கேசரியும் செய்வாள். வந்தவர்கள் சாப்பிடுவார்கள், ருசியாக இருக்கிறது என்பார்கள், "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்துகொள்வார்கள். அதன்பிறகு ஒரு சொல்லும் வராது. எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வதில்லை, அது மரியாதை. அந்த மரியாதையை நான் வேண்டிய மட்டும் அனுபவித்திருக்கிறேன். முப்பது தாண்டிய பிறகு கடலை மாவு கரைக்கிற வாசனை வந்தாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

எதுவும் அமையாததற்கு அம்மா இரண்டு காரணம் சொல்வாள். ஒன்று, என் வேலை. தஞ்சாவூரில் நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் விற்கிற ஒரு கடையில் நான் சர்வீஸ் பார்க்கிறேன். வயலில் நின்றுபோன இயந்திரத்தை அந்த வயலிலேயே இறங்கி ஓட வைக்க வேண்டும். தாத்தா காலத்தில் எங்கள் வீட்டு ஆட்கள் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கி நட்டவர்கள். அப்பா முதலில் குத்தகைக்கு எடுத்து, பிறகு ஐயம்பேட்டைக்குப் பக்கத்தில் சொந்தமாகக் கொஞ்சம் வாங்கினார். நான் பட்டம் வாங்கிக்கொண்டு மறுபடியும் சேற்றில் இறங்குகிறேன் என்பது அம்மாவின் குறை. நகக்கண்ணில் கிரீஸ் போகவே போகாது, அதுவும் ஒரு குறை.

இரண்டாவது காரணம் என் பொம்மைகள். சினிமாவில் வருமே, ஓடிக்கொண்டிருக்கிற கார் அப்படியே எழுந்து நின்று, கை கால் முளைத்துச் சண்டை போடுமே, அந்த ரோபோக்கள். அவற்றைப் பொம்மையாகவும் விற்கிறார்கள். திருகித் திருப்பினால் வண்டி ஆளாகும், ஆள் வண்டியாகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சிக்குச் சென்னை போனபோது ஒரு கடையில் முதன்முதலாக ஒன்றைப் பார்த்தேன். அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் லாரி, மறுபக்கத்தில் ஆள். லாரியின் பின்சக்கரங்கள் ஆளில் எங்கே போயின என்று அங்கேயே நின்று யோசித்தேன். தெரியவில்லை. தெரியாமல் ஊருக்குத் திரும்ப மனம் வரவில்லை, வாங்கிவிட்டேன். அப்படி ஆரம்பித்தது, அறையில் ஒரு சுவர் நிறைய ஆகிவிட்டது.

ஒருமுறை பெண் பார்க்க வந்த அம்மாள் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எந்தப் புள்ளைங்களோடது?" என்று கேட்டார். "என்னோடதுதாங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கேசரி ஆறிப்போயிற்று. அன்றிலிருந்து யார் வருவதாக இருந்தாலும் அம்மா பொம்மைகளையெல்லாம் யூரியா சாக்கில் அள்ளிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். ஆவணி மாதம். காலையிலேயே சாக்கு வந்துவிட்டது.

"நான் என்ன சாராயமா காச்சுறேன், இப்படி ஒளிச்சு வைக்கிற?" என்று கத்தினேன்.

"காச்சுனாக்கூட ஏதோ தொழில்னு சொல்லிக்கலாம்டி" என்றாள் அம்மா. அவள் வாய்க்கு முன்னால் என் வாய் ஒன்றுமே இல்லை.

அப்பா குறுக்கே வந்தார். அவர் அதிகம் பேசமாட்டார். "பாப்பா, இது ஒரு தடவை அம்மா சொல்றபடி இருந்துடு. இதுவும் அமையலைன்னா இனிமே உன்னை யார் முன்னாடியும் உட்கார வைக்கல. விட்டுடலாம்" என்றார். நான் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தை அது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் அதைச் சொன்ன விதம், தண்ணீர் வராத வருடம் விதைநெல்லை மறுபடி மூட்டை கட்டி வைப்பாரே, அதே முகம். எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்றில்லை. ஒருவர் துணை வேண்டும் என்று நானும் ஏங்கியிருக்கிறேன். என்னைச் சாக்கில் கட்டி ஒளித்து வைத்துவிட்டுச் செய்துகொள்கிற கல்யாணம்தான் வேண்டாம்.

மூன்று மணிக்குக் கும்பகோணத்திலிருந்து காரில் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அவருடைய தாய்மாமா, மூன்றே பேர். அவருடைய அப்பா காலமாகிவிட்டாராம். மாப்பிள்ளைக்குத் தாராசுரத்தில் பல் செட்டு செய்கிற வேலை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், இவர் பல்லைச் செய்து அனுப்புவார். மாமா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் குரல் பஸ்ஸின் பின்சீட்டு வரை எட்டும். அவர் அம்மா செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம் ஆரம்பிச்சுடும். அதுக்கு முன்னாடி கிளம்பிடணும், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "அதுக்கென்னங்க, நாங்களும் பார்க்கிறவங்கதான்" என்றாள் அம்மா. முதல் விஷயத்திலேயே இரண்டு பேருக்கும் ஒத்துப்போய்விட்டது.

காப்பி ஆயிற்று, பஜ்ஜி தட்டை ஆயிற்று, விசாரிப்பும் ஆயிற்று. நாலு மணி இருக்கும், மாமா, "சின்னவங்க ரெண்டு பேரும் பத்து நிமிஷம் தனியா பேசட்டுமே, இப்பல்லாம் அதுதானே வழக்கம்" என்றார். என் அறைக்கு அனுப்பினார்கள். வெறும் சுவர். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார், நான் ஜன்னல் பக்கம் நின்றேன். இந்தப் பத்து நிமிடத்தில் கேட்கப்படுகிற கேள்விகள் எனக்கு மனப்பாடம். வேலையை விடுவீர்களா, சமைப்பீர்களா, கோபம் வருமா. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு காலை உள்ளே இழுத்தார். குதிகால் சாக்கில் பட்டது. கட்டிலுக்கடியில் சைரன் அலறியது.

கூடத்தில் பேச்சு நின்றது. "பக்கத்து வீட்டுப் புள்ளைங்க, சொன்னா கேக்குறதே இல்ல" என்று அம்மா உரக்கச் சொல்வது கேட்டது.

அவர் குனிந்து பார்த்தார். "சாக்குக்குள்ள தீயணைப்பு வண்டி இருக்குங்க."

"இருக்கட்டுங்க."

"இது படத்துல வர்ற ரோபோதானே? நிக்கும்போது ஏணி முதுகுல இருக்குமே?"

அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். "எடுத்துப் பார்க்கலாங்களா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அவர் அதைக் கையில் எடுத்து, கூரையை இரண்டாகப் பிரித்து, பக்கத் தகடுகளைக் கீழே இறக்கிக் காலாக்கினார். அதில் இடுப்புக்கு மேலே ஒரு மூட்டு உண்டு. பக்கத்திலிருக்கிற சின்னக் கொக்கியை அழுத்திவிட்டுத்தான் அதைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் வெளுத்து, ஒருநாள் பட்டென்று போய்விடும். தெரியாதவர்கள் எல்லோரும் அங்கேதான் உடைப்பார்கள். அவர் கொக்கியை அழுத்திவிட்டுத் திருப்பினார். காலையிலிருந்து இருந்த கோபமெல்லாம் எனக்கு அந்த இடத்தில் இறங்கிவிட்டது.

நிற்க வைத்து, "அருமையான டிசைன் இல்லீங்களா?" என்றார்.

கோபம் திரும்பி வந்துவிட்டது. "அருமையா? என்கிட்ட இருக்கிறதுலயே மட்டமானது இதுதாங்க" என்றேன்.

விஷயம் இதுதான். வண்டியாக இருக்கும்போது முன்னால் ஒரு கண்ணாடி, இரண்டு விளக்கு. ஆளாக நிற்கும்போது நெஞ்சிலும் அதே கண்ணாடி, அதே விளக்குகள். வண்டியின் முகம்தான் நெஞ்சாக மாறிவிட்டது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். இல்லை. நிஜமான முகம் மடங்கி முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. நெஞ்சில் தெரிவது அதே மாதிரி சிறிதாகச் செய்து உள்ளே செருகி வைத்த இன்னொன்று. வண்டியாக இருக்கும்போது அதற்கு ஒரு வேலையும் கிடையாது. நான் பிழைப்பு நடத்துகிற நடவு இயந்திரத்தில் இப்படி வேலையில்லாத பாகம் ஒன்றுகூட இருக்காது. நாற்றைக் கிள்ளுகிற விரல் கிள்ளும், நாற்றுத் தட்டு நகரும், மிதவை மிதக்கும்.

"உள்ளதை மறைச்சுட்டு இல்லாததைக் காட்டுறது ஏமாத்து வேலைங்க" என்றேன். என் குரலில் இருந்த சூடு அந்தப் பொம்மைக்கு மட்டும் உரியதில்லை என்பது சொன்ன பிறகு எனக்கே தெரிந்தது.

"படத்துல அது அப்படித்தாங்க நிக்குது. படத்துல உள்ள மாதிரி கைக்கு வரணும்னா வேற என்ன வழி?"

"அப்ப படத்துக்கு வரைஞ்சவங்களைத்தான் சொல்லணும். கம்ப்யூட்டர்ல என்ன வேணா வரையலாம், எந்தத் தகடு எங்க போகுதுன்னு யாரும் கேக்கப்போறதில்ல. அதைப் பார்த்துச் செய்யச் சொன்னா பொம்மை செய்யறவன் என்ன பண்ணுவான்? காயலான் கடையை உடம்புல ஒட்டி வச்ச மாதிரி இருக்கு."

"காயலான் கடையா?" அவர் எழுந்து நின்றுவிட்டார். "அந்தத் தகடு ஒவ்வொண்ணும் நகரும்போது மூச்சு விடுற மாதிரி இருக்குங்க. உங்களுக்கு அந்தக் காலத்துப் பெட்டி பெட்டியா இருக்கிறதுதான் பிடிக்கும் போல. முட்டி மடங்காது, கழுத்து திரும்பாது, நட்டு வச்ச எல்லைக்கல்லாட்டம் நிக்கும்."

"நிக்குதுல்ல? உங்களோடது நிக்கவே மாட்டேங்குதே!"

இரண்டு பேர் குரலும் ஏறிவிட்டது. நான் சாக்கைப் பிரித்து இன்னொன்றை எடுத்தேன், அவர் பதிலுக்கு வேறொன்றை எடுத்தார். பத்து நிமிடம் எப்போது போனது என்று எங்களுக்குத் தெரியாது. கூடத்தில் இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் யாரும் கதவைத் தட்டவில்லை. அதற்கான காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பெண் வீட்டார் போய்த் தட்டினால், வந்தவர்களை நேரமாச்சு கிளம்புங்கள் என்று துரத்துவது போலாகிவிடும். மாப்பிள்ளை வீட்டார் தட்டினால், பெண்ணைப் பிடிக்கவில்லை, பேச்சை முறிக்கிறார்கள் என்று அர்த்தமாகிவிடும். அம்மா அவர்களாகக் கூப்பிடட்டும் என்று காத்திருந்தாள். அவர் அம்மா இவர்கள் கூப்பிடட்டும் என்று காத்திருந்தார். நாள் கிழமை பார்ப்பதில் ஒருவருக்கொருவர் சளைக்காத இரண்டு பேர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் மாமாதான் உடைத்தார். "அக்கா, மணி நாலு முப்பத்தஞ்சு!" என்று போட்ட சத்தத்தில் நாங்கள் இருவரும் வெளியே ஓடி வந்தோம். அவர் கையில் தீயணைப்பு வண்டி பாதி ஆளாக இருந்தது.

அவர் அம்மாவின் முகம் இருண்டுவிட்டது. நல்ல காரியத்துக்காக வந்த இடத்திலிருந்து ராகுகாலத்தில் கிளம்பக் கூடாது. நல்லதோ கெட்டதோ ஒரு முடிவும் வாயிலிருந்து வரக் கூடாது. அவர் புடவையைச் சரிசெய்துகொண்டு திரும்ப உட்கார்ந்தார். "ஆறு மணி வரைக்கும் இருந்துதான் போகணும். அதுவரைக்கும் கல்யாணப் பேச்சை யாரும் எடுக்க வேணாம்" என்றார்.

ஒன்றரை மணி நேரம். முன்பின் தெரியாத இரண்டு குடும்பம், பேச வந்த ஒரே விஷயத்தைப் பேசக் கூடாது. அப்பா ஆற்றில் வருகிற தண்ணீரைப் பற்றிக் கேட்டார். மாமா பதில் சொன்னார். மாமா சம்பா நாற்றங்காலைப் பற்றிக் கேட்டார். அப்பா பதில் சொன்னார். அது தீர்ந்துபோயிற்று. அம்மா எழுந்து உள்ளே போனாள். வெங்காயம் நறுக்குகிற சத்தம் வந்தது. யாரும் கேட்காமல், இன்னொரு தடவை எண்ணெய் வைத்து, வெங்காய பஜ்ஜி போட ஆரம்பித்துவிட்டாள். காலையில் என்னிடம் அப்படிப் பேசியவள்தான். மானம் போகிற நேரத்திலும் வந்தவர்கள் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கக் கூடாது என்று நினைத்தாளே, அந்த மனசுக்கு நான் என்றும் கடன்பட்டவள்.

"ஆமா, உள்ள என்னப்பா அப்படிச் சண்டை?" என்றார் மாமா.

"சண்டை இல்ல மாமா. இந்த வண்டியோட நெஞ்சு போலின்னு இவங்க சொல்றாங்க" என்று அவர் பொம்மையை நீட்டினார்.

மாமா அதை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். வாழ்க்கை முழுவதும் பட்டிமன்ற மேடைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டவராம், ஒருமுறைகூட மேடையில் ஏறியதில்லையாம். "சரி, நான் நடுவர்" என்று நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சினிமாவைப் பார்த்துச் செய்த ரோபோ பொம்மைகள் உசத்தியா, மட்டமா? அம்மாடி, நீ முதல்ல பேசு."

நான் பேசினேன். வாதத்துக்கு ஆதாரம் வேண்டியிருந்ததால் அறைக்குப் போய் சாக்குகளை இழுத்து வந்து கூடத்தில் பாய் விரித்துக் கொட்டினேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். எனக்கு அப்போது பயமே இல்லை. முடிவு சொல்ல முடியாத நேரம் அது. வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாத இடத்தில் நிற்பது எவ்வளவு சுகம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினேன். நல்ல பொம்மையில் வண்டியின் கதவு ஆளுக்குத் தோளாகும், சக்கரம் முழங்காலாகும். மட்டமானதில் வண்டியின் ஓடு முழுவதும் உரிந்து முதுகில் மூட்டையாகத் தொங்கும், உள்ளே மெலிந்த ஒரு ஆள் நிற்பான்.

"கட்சி பலமா இருக்கு" என்றார் நடுவர். "தம்பி, உன் பதில்?"

"எங்க அம்மாவையே கேளுங்க மாமா. நான் செஞ்சு கொடுத்த பல்லுதான் போட்டிருக்காங்க. அதுவும் போலிதான். யாராவது மட்டம்னு சொல்லுவாங்களா?"

"என் பல்லை ஏன்டா சபைக்கு இழுக்குற?" என்றார் அவர் அம்மா, சுருக்கென்று.

எனக்கு வாயை அடக்கத் தெரியாது. "அது போலி இல்லைங்க" என்றேன். "அம்மா அதுலதானே கடிச்சுச் சாப்பிடுறாங்க? வேலை செய்யறது எப்படிப் போலியாகும்? இந்த நெஞ்சு என்ன வேலை செய்யுது சொல்லுங்க பார்ப்போம்."

அவர் அம்மா தட்டில் இருந்த தட்டையை எடுத்து, எல்லோரும் பார்க்க நறுக்கென்று கடித்தார். "பொண்ணு சொல்றது நியாயம்தான். என் பல்லு போலியில்ல" என்றார். மாமா சிரித்த சிரிப்பில் தெருநாய் குரைத்தது.

அவர் விடவில்லை. என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, தீயணைப்பு வண்டியின் கையைத் தலைக்கு மேல் தூக்கினார், பக்கவாட்டில் நீட்டினார், மடக்கி இடுப்பில் வைத்தார். "நிஜ முகத்தையே நெஞ்சுல வச்சிருந்தா தோள் இருக்கிற இடத்தை அது அடைச்சிடும். கை இப்படித் தூக்காது. இந்தச் சின்ன நெஞ்சு இடத்தை விட்டுக்கொடுக்குது. அதுதாங்க அதோட வேலை."

நான் அந்தக் கையைத் தூக்கிப் பார்த்ததே இல்லை. கோபத்தில் அதை எப்போதும் வண்டியாகவே நிறுத்தி வைத்திருந்தேன். வாங்கி நானும் தூக்கிப் பார்த்தேன். தூக்கியது. "கை மட்டும் நல்லா இருக்கு" என்றேன்.

"அது போதுங்க" என்றார். அவர் ஜெயித்த மாதிரி சிரிக்கவில்லை. சந்தோஷப்பட்ட மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், இந்த மனிதர் ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பாமல் இருந்துவிட்டால் என்னால் தாங்க முடியாது என்று எனக்குப் புரிந்தது. இதுவரை வந்து போன யாருக்காகவும் நான் அப்படிப் பயந்ததில்லை.

அதற்குள் அப்பா பாயில் வந்து உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடத்தில் என் பொம்மைகளை அவர் தொட்டதே கிடையாது. ஒரு சின்ன டிராக்டரை எடுத்து, மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரலால் மெல்லத் திருகினார். கால் வந்தது. கை வந்தது. தலை எங்கே என்று தேடி, இருக்கைக்கு அடியிலிருந்து அதையும் எடுத்துவிட்டார். "வந்துடுச்சு பாப்பா!" என்று அவர் சொன்ன குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பிறகு சபையைப் பார்த்து, "எனக்கு உங்க டிசைனெல்லாம் தெரியாது. கையில எடுத்தவனைத் திண்டாட விடாம திரும்புனா அது நல்ல பொம்மை" என்றார். பொண்ணு கட்சியா, தம்பி கட்சியா என்று மாமா அப்பாவைக் கேட்டார். "எங்க வீட்டுக் கட்சி" என்றார் அப்பா.

அம்மாகூட இரண்டாவது ஈடு பஜ்ஜியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். ஒரு போலீஸ் காரைக் கையில் எடுத்து, யாரும் பார்க்காதபோது கதவைத் திறந்து மூடினாள். நான் பார்த்தேன்.

அவர் அம்மா மட்டும் தட்டையைக் கடித்த பிறகு பேசவே இல்லை. பாயில் பரந்து கிடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், காலியாகக் கிடந்த சாக்குகளைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் சாக்குலதான் வச்சிருப்பியா?"

"இல்லைங்கம்மா. இன்னிக்கு மட்டும்தான்."

"ஏன் இன்னிக்கு மட்டும்?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஆயிரம் கெஞ்சல் இருந்தது. பொய் சொல்லியிருக்கலாம். வெள்ளையடிக்கப் போகிறோம் என்றோ, எலித் தொல்லை என்றோ சொன்னால் தீர்ந்தது. ஒன்றரை மணி நேரம் போலி நெஞ்சைத் திட்டிவிட்டு அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"நீங்க வர்றீங்கன்னு" என்றேன்.

மாமாகூடத் தரையைப் பார்த்தார். அவர் அம்மா தலையை மெல்ல ஆட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. மணி ஆறு ஆயிற்று. அவர் அம்மா எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார், என் அம்மா கொடுத்த விபூதியைப் பூசிக்கொண்டார், வாசலில் நின்று கைகூப்பினார்.

"ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்றார்.

எத்தனையோ முறை கேட்ட வாக்கியம். அன்று அது என் காலை வாரிவிட்டது. கார் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், கை காட்டவில்லை, காட்டுவதும் முறையில்லை. உள்ளே வந்ததும் அம்மா, "நீங்க வர்றீங்கன்னு ஒளிச்சு வச்சோம்னு யாராவது சொல்லுவாங்களாடி?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். அப்பா பொம்மைகளுக்கு நடுவில் உட்கார்ந்தபடி, "நல்லாப் பேசுன பாப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகவே அந்த நாள் வீண் இல்லை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். முழுவதும் தேறவில்லை.

அடுத்த வாரம் நடவு வேலை சூடுபிடித்துவிட்டது. நாள் முழுவதும் வயல், கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் அவசரம் என்பார்கள். போன் அடிக்கும்போதெல்லாம் மனம் ஒருமுறை துள்ளும், பிறகு யாரோ ஒரு விவசாயி, இயந்திரம் இடையிடையே இடம் விட்டு நடுகிறது என்பார். சொல்லி அனுப்புவதாக இருந்தால் அப்பாவுக்குத்தான் வரும், எனக்கு வராது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்பாவுக்கும் வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவர் என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார். அவர் ஏதாவது கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

திருவையாறு பக்கம் ஒரு வயலில் முழங்கால் சேற்றில் நின்று, நடவு விரலில் சிக்கியிருந்த வேரைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"நான்தாம்மா பேசுறேன், கும்பகோணத்துல இருந்து. உன் கடைக்குப் போன் போட்டு நம்பர் வாங்குனேன். வேலையா இருக்கியா?"

அவர் அம்மா. "சொல்லுங்க" என்றேன்.

"உங்க அப்பாகிட்ட சாயங்காலம் முறையா பேசுறோம். இப்ப இங்க ஆசாரி வந்து உட்கார்ந்திருக்காரு. தம்பி ரூம்ல ஒரு சுவர் முழுக்க அலமாரி அடிக்கச் சொல்லியிருக்கேன், உன் பொம்மைங்களுக்கு. தட்டுக்குத் தட்டு எவ்வளவு இடம் விடணும்னு கேக்குறாரு. இவனைக் கேட்டா ஒண்ணு சொல்றான், உடனே இல்ல இல்லைன்னு வேற சொல்றான். நீயே சொல்லிடு. அதெல்லாம் வண்டியா இருக்குமா, நின்னுக்கிட்டு இருக்குமா? நிக்கிறதா இருந்தா உயரம் கூட விடணும்ல?"

இயந்திரம் ஓட்டுகிறவர் வரப்பிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சேறு கையோடு கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் சேறாகிவிட்டது. என் அறையில் என் அம்மா ஒளித்து வைத்ததற்கு, இன்னொரு வீட்டில் ஒருவர் ஆளை உட்கார வைத்து அளவு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மாடி, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் அத்தை" என்றேன். "நிக்கட்டும். எல்லாமே நின்னுக்கிட்டே இருக்கட்டும்."